மாமியாரும் நானும் ஒரு நெருப்புச் சுழியும்

முதலில் பறந்தது ஒரு சிலுவார்.

வெள்ளைச் சிலுவார், அதாவது கால்சட்டை. கஞ்சி விறைப்பில் பலகை மாதிரி கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. எந்த ஆபீஸ் துரை என்பதெல்லாம் இப்போது மறந்துவிட்டது. அவருடைய இடுப்பின் சுற்றளவு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்தச் சிலுவார் கொடியை உதறிவிட்டு எழுந்தது. உள்ளே யாரோ இருப்பதுபோல் இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு மேலே போனது. தென்னை உயரத்துக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்போதுதான் அதன் கால்நுனியில் நெருப்பு இருப்பதைப் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் கிளம்பப்போகிறார்கள், நாட்டுக்கு மெர்டேக்கா வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. ஆனால் இவ்வளவு அவசரமாகக் கிளம்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

பக்கத்துக் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்த என் மாமியார் செங்கம்மா நிமிர்ந்தார். சிலுவாரைப் பார்த்தார். அதற்குக் கீழே நின்றுகொண்டிருந்ததையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

பறந்த சிலுவாரைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வாய் என்னைப் பார்த்துத் திறந்ததே இல்லை.

யானை இல்லாத ஊர்

எங்கள் வட்டாரத்தின் பெயர் காஜா பெராங். மலாயில் வெறிகொண்ட யானை என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே யானை எங்கே இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பேசாமல் சமையற்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே அவருடைய அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் பெயர் மாரிமுத்து. இப்போது தைரியமாக எழுதிவிட்டேன். அந்தக் காலத்தில் ஒரே ஒரு நாளைத் தவிர வாயால் சொன்னதில்லை. "இந்தாங்க" என்றால் அவர், "இந்தா" என்றால் பூனை.

நான் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். என்னை டவுனில் கொடுத்ததில் அவர்களுக்குப் பெரிய பெருமை. டவுனில் நான் செய்தது என்ன? காலையிலிருந்து சாயந்தரம் வரை ஊரார் அழுக்கைத் துவைத்தேன்.

எங்களுடையது டோபித் தொழில். மாமனார் ஆரம்பித்தது. நான் வருவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் நல்ல வெட்டவெளி. அதில் இரண்டு பெரிய சிமெண்டுத் தொட்டிகள், இடுப்பளவு ஆழம். பக்கத்தில் துவைக்கிற கற்கள், அப்பால் வரிசையாகக் கொடிகள். ஒரு ஓரத்தில் இஸ்திரி போடுகிற தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் எந்நேரமும் சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருக்கும்.

டோபி வீட்டுக்குத் தெரியாத ஊர் ரகசியம் கிடையாது. யார் வீட்டில் புதுக் குழந்தை, யார் சட்டைப் பையில் யாருடைய கைக்குட்டை, யார் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிப் போர்வை. எல்லாம் தெரியும். சொன்னதில்லை. இப்போதும் சொல்லமாட்டேன். அவர்கள் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகை படிக்கிறார்கள்.

மீனாச்சி பீபிக்கின் மொழிபெயர்ப்பு

மாமியாருக்கும் எனக்கும் பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு சிவப்புத் துணி. வெள்ளைச் சட்டைகள் ஊறிக்கொண்டிருந்த தொட்டியில் அது எப்படியோ விழுந்துவிட்டது. சட்டைகள் எல்லாம் ரோஸ் கலராக எழுந்து வந்தன. துணியைப் போட்டது நான் என்று அவர் சொன்னார். அவர் என்று நான் சொன்னேன். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

"தோட்டத்துல பால்வாளி தூக்குன கை. வெள்ளைத் துணிக்கு எப்படி ஆகும்?" என்றார்.

"பால் வெள்ளையா இருக்கும் அத்தை. உங்களுக்குத்தான் சிவப்புக்கும் வெள்ளைக்கும் கண்ணு தெரியல" என்றேன்.

அத்துடன் நின்றது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே தொட்டி, ஆனால் பேச்சு இல்லை. சாயந்தரமானால் என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துச் செய்தியையும் கடத்துவார். பகலில் அவர் சைக்கிளில் துணி கொடுக்கப் போய்விடுவார். பகல் வேலைக்கு எங்களுக்குக் கிடைத்தவர் மீனாச்சி பீபிக். பீபிக் என்றால் சித்தி மாதிரி ஒரு மரியாதைப் பெயர்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகள் வாழும் கம்பம், அதாவது கிராமம். பீபிக் அந்தக் கம்பத்துக்காரர். மூக்குத்தி, நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங்கும் கெபாயாவும். சாமி எல்லாம் நம் சாமிதான். ஆனால் பேச்சு முழுக்க மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில பலகாரங்களின் பெயர்களும் மட்டும் தெரியும். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், எந்த நேரமும் வாயில் வெற்றிலை.

மாமியார் என்னைத் திட்ட வேண்டுமென்றால் பீபிக்கிடம் மலாயில் சொல்வார். பீபிக் இரண்டு எட்டு நடந்து வந்து அதை என்னிடம் மலாயில் சொல்வார். எங்கள் மூவருக்கும் மலாய் நன்றாகவே தெரியும். மாமியார் சொன்னது என் காதிலும் விழும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"மாட்டுக்குக் கூட இப்படிச் சோறு வடிக்கமாட்டாங்கன்னு சொல்லு" என்பார் மாமியார்.

பீபிக் என்னிடம் வந்து, "மாக் மெர்த்துவா காத்தா நாசி செடாப்" என்பார். மாமியார் சோறு ருசியாக இருக்கிறது என்கிறாராம்.

இப்படியே பீபிக்கின் வாய்வழியாகவே கேட்டுக்கொண்டிருந்தால் என் மாமியாரைப் போலத் தங்கமான மனுஷி மலாயாவில் கிடையாது.

மூன்று பக்கமும் கொளுத்திய மூளை

கொடிகளுக்கு அப்பால் ஒரு பெரிய லாலான் காடு. லாலான் என்பது ஆள் இடுப்புக்கு வளருகிற புல். பச்சையாக இருக்கும்போதே கையை அறுக்கும். காய்ந்துவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பிறகு மழையே இல்லை. புல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மெர்டேக்கா விழாவுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி போட்டால் தலைவர் வேண்டும். தலைவர் என்றால் டை கட்டியிருக்க வேண்டும். எங்கள் தலைவர் அந்த உச்சி வெயிலிலும் டை கட்டியிருந்தார்.

லாலான் காட்டைத் திடலாக்கி அங்கே மேடை போடுவது என்று முடிவு. ஆள் வைத்து வெட்டினால் நாளாகும். கொளுத்திவிடலாம் என்றார் தலைவர்.

மாமியார் ஈரக்கையோடு வேலி ஓரம் போய் நின்றார். "துணி காயுது தலைவரே. இன்னிக்கு வேணாம்."

"சுதந்திரம் வருதும்மா. இந்தப் புல்லெல்லாம் போயாகணும்."

"வரட்டும், தாராளமா வரட்டும். துணி காயுற நேரத்துல ஏன் வரணும்?"

காலையில் ரோட்டோரமாக ஒரு பட்டையைக் கொளுத்தினார்கள். அது சாதுவாக எரிந்து அடங்கிவிட்டது. தரை கறுப்பாகப் பாய் விரித்த மாதிரி ஆனது. தலைவருக்குத் தைரியம் வந்துவிட்டது. மிச்சமிருந்த காட்டை மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் கொளுத்தச் சொன்னார். சீக்கிரம் முடிந்தால் சாப்பாட்டுக்குப் போகலாம் அல்லவா?

மூன்று நெருப்பும் நடுவை நோக்கி நகர்ந்தன. புகை எழுந்து வெள்ளைப் போர்வைகளில் கரி விழ ஆரம்பித்தது. மாமியார் தலைவரின் முன்னோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்தவர், சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுத் துணிகளை எடுக்கக் கொடிப் பக்கம் ஓடினார்.

அந்த நேரம் கிளேபாங் பக்கமிருந்து கடல் காற்று புறப்பட்டு வந்தது. எங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் அது தினமும் வரும். நாங்கள் அதை நம்பித்தான் துணி காயப் போடுவோம்.

தோட்டத்தில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சூறைக்காற்று பார்த்திருக்கிறேன். காய்ந்த ரப்பர் இலைகள் ஆளுயரத்துக்குச் சுற்றும். நாங்கள் உள்ளே புகுந்து ஆடுவோம். ஒரு தடவை தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரின் தொப்பியை அது பிடுங்கிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைக் கூரையில் வைத்தது. அன்று லயத்து வரிசை வீடுகளில் எல்லார் வீட்டிலும் சிரிப்பு. அதனால் சூறை என்றாலே எனக்கு விளையாட்டு நினைப்புத்தான்.

லாலான் காட்டின் நடுவில் புகை முதலில் கயிறு திரிப்பது மாதிரி முறுக்கிக்கொண்டது. பிறகு அந்தக் கயிற்றுக்குள் சிவப்பு ஏறியது. வேரிலிருந்து உச்சி வரை நெருப்பு. நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. பிறகு நகர்ந்தது.

அதன் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. ஈரப் போர்வையை இரண்டு பேர் பிடித்து உதறினால் ஒரு சத்தம் வருமே, ஊரிலிருக்கிற போர்வையெல்லாம் சேர்ந்து, நிறுத்தாமல் உதறினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அது கொடிகளுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் துரையின் சிலுவார் பறந்தது. நான் சிரித்தேன். மாமியார் வாயைத் திறந்தார்.

எங்கே ஓடுவது?

"அடி எருமை, சிரிக்காதே! தொட்டிக்குள்ள எறங்கு!"

ஒரு வருஷ மௌனத்துக்குப் பிறகு என் மாமியார் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

அதே நேரம் கொடிப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். "கொட்டகைக்குள்ள போங்க! ரெண்டு பேரும் உள்ள போய்க் கதவச் சாத்துங்க!"

கமிட்டித் தலைவர், "யாரும் ஓடாதீங்க! எல்லாரும் தரையில படுங்க!" என்று கத்தினார். கத்திக்கொண்டே எங்கள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் கொட்டகையைப் பார்த்துத்தான் ஓடினேன். புருஷன் சொன்னால் கேட்க வேண்டும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். நாலடி வைத்திருப்பேன், பின்னாலிருந்து என் சடை இழுபட்டது.

"எங்கடி போற? அங்க பூரா துணி. அடுப்புல கரி எரியுது. மேல தகரம். அவன் அப்பனுக்கும் அறிவில்ல, அவனுக்கும் இல்ல. எறங்கு!"

சடையைப் பிடித்தே என்னைத் தொட்டிக்குள் தள்ளினார். அன்றைக்கு அதில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கம்பளிகள் ஊறிக்கொண்டிருந்தன. அவரும் குதித்தார். உட்கார்ந்ததும் தண்ணீர் நெஞ்சுவரை ஏறியது. இரண்டு பேருமாக ஒரு கம்பளியை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டோம். நனைந்த கம்பளி ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும்.

"மூஞ்சியத் தண்ணி ஓரமா வை. முந்தானையால மூக்கப் பொத்து. மூச்ச இழுத்து இழுத்து விடாதே."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"எனக்கு என்னடி தெரியும்? கொட்டகைல தண்ணி இல்ல, இங்க இருக்கு. அவ்வளவுதான். வாய மூடு."

தொட்டிக்குள்

கம்பளிக்குள் இருட்டு. சவுக்கார வாடை. மாமியாரின் முழங்கால் என் விலாவில். வெளியே அந்தச் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்கிறோம். அவர்?

கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கை நிறையத் துணிமூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார். ஓடியது சரிதான், ஆனால் அந்தச் சுழிக்கு நேர் முன்னால் ஓடினார். அது எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்ததோ அதே பக்கம், அதே கோட்டில். கொட்டகையை எட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அது அவரைவிட வேகம்.

"மாரிமுத்து!" என்று கத்தினேன். "மூட்டையப் போட்டுட்டு பக்கமா ஓடு! மாரிமுத்து!"

பக்கத்தில் மாமியார் என் கையில் நறுக்கென்று கிள்ளினார். "புருஷன் பேரச் சொல்றியாடி?"

சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் உறைத்துவிட்டது. கம்பளியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் வெளிச்சம் பட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"என் புள்ள" என்றார். ஒரு காலைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டார்.

நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். திமிறினார். துணி அடித்து அடித்து இரும்பாகிப்போன தோள் அது. என்னால் சமாளிக்க முடியவில்லை. இழுத்தேன், என் கையைக் கடித்தார். சும்மா கடி இல்லை, பல் பதிந்து ரத்தம் வந்தது.

"விடுடி! என் புள்ளடி அவன்!"

"எனக்கும் புருஷன்தான்! நீங்க போனா மட்டும் அது நிக்குமா?"

வேறு வழி தெரியவில்லை. காலை வாரித் தண்ணீருக்குள் விழவைத்து, அவர் மேல் ஏறி உட்கார்ந்தேன். ஆமாம், மாமியார் மேல்தான். தலை மட்டும் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி ஒரு கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் கம்பளியை இழுத்து மூடினேன்.

சுழி எங்களைத் தாண்டியது அப்போதுதான்.

தொட்டிக்கு மேலேயே வந்ததா, பக்கத்தில் போனதா என்று எனக்குத் தெரியாது. கம்பளி மேலே உறிஞ்சப்பட்டது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். மாமியாரும் கீழேயிருந்து கையை நீட்டி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கம்பளியிலிருந்து ஆவி கிளம்பியது. முதுகில் தண்ணீர் வெந்நீராக இருந்தது. தகரம் கிழிகிற சத்தம், ஏதோ உடைகிற சத்தம். மாமியார் மாரியம்மனைக் கூப்பிட்டார். கூப்பிட்டது வேண்டுதல் மாதிரி இல்லை. "ஏ மாரி, கண்ணு அவிஞ்சு போச்சாடி உனக்கு? என் புள்ளையப் பாருடி!" என்று ஒருமையில் மிரட்டினார். எனக்கும் வேண்டிக்கொள்ளத் தோன்றியது. அவர் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு சத்தம் நின்றது. எப்படி வந்ததோ அப்படியே, கையால் அணைத்த மாதிரி நின்றுபோனது.

கறுப்புத் தரை

கம்பளியை விலக்கினால் கொட்டகை இல்லை. நாலு தூண் எரிந்துகொண்டிருந்தது. கூரைத் தகரங்களில் ஒன்று எதிரே தென்னைமரத்தில் செருகிக்கொண்டு நின்றது. அந்தத் தகரத்துக்குக் கீழே நான் நின்றிருக்க வேண்டியது.

வானத்திலிருந்து கரி மெதுவாக இறங்கியது. கொடியில் ஒரு துணி இல்லை.

நாங்கள் ஈரப் புடவையோடு ஓடினோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் அவரை மட்டும்தான் கூப்பிட்டோம். மாமியார் "முத்து" என்றார். நானும் அதையே சொன்னேன், யாரும் தடுக்கவில்லை.

ரோட்டோரத்திலிருந்து மீனாச்சி பீபிக்கின் குரல் வந்தது. "சினி! சினி! ஹீடோப்!" இங்கே, உயிரோடு இருக்கிறான் என்கிறார்.

காலையில் எரிந்து ஆறிய அந்தக் கறுப்புப் பட்டையின் நடுவில் என் வீட்டுக்காரர் குப்புறக் கிடந்தார். பீபிக் தன் சாரோங் நுனியை எச்சில் வெற்றிலையோடு வாயில் கவ்விக்கொண்டு, கால்வாய்த் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அவர் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு பக்கக் காது மடல், கழுத்து, இடது முழங்கை வரை தோல் வழன்றிருந்தது. புருவம் இல்லை. ஆனால் முனகினார். முனகல் இவ்வளவு இனிமையானது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

நடந்தது இதுதான். நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. ரோட்டில் நின்ற பீபிக் "தெப்பி! தெப்பி!" என்று கத்தியது விழுந்திருக்கிறது. தெப்பி என்றால் ஓரம். மூட்டையை எறிந்துவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்து, எரிந்து முடிந்த தரையில் போய் விழுந்திருக்கிறார். எரிய எதுவும் மிச்சமில்லாத இடம் அது ஒன்றுதான். சுழி அவரை உரசிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது.

"எப்படித் தெரிஞ்சுது பீபிக், ஓரமா ஓடணும்னு?" என்று பிறகு மலாயில் கேட்டேன்.

"லோரி வந்தா ஓரமாத்தானே ஓடுவோம்" என்றார் அவர்.

தீயணைக்கிற பொம்பா வண்டி மணியடித்துக்கொண்டு வந்தபோது அணைக்க அந்த நாலு தூண்தான் இருந்தது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்தச் சுழி இருந்ததே சில நிமிஷம்தான். என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வண்டியில் வந்த அதிகாரி கூட்டத்தைக் கூட்டி வைத்து விளக்கினார். நெருப்புச் சுழிக்கு முன்னால் ஓடவே கூடாதாம், குறுக்காக ஓட வேண்டுமாம். மரத்தடி ஆகாது, தகரக் கொட்டகை ஆகவே ஆகாது. கல் வீடு பக்கத்தில் இருந்தால் உள்ளே போய்ச் சன்னல் கதவையெல்லாம் சாத்திவிட்டு, சன்னலுக்குத் தள்ளி உட்கார வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் புல் இல்லாத பள்ளம், அல்லது எரிந்து ஆறிய தரை.

"தொட்டி?" என்று மாமியார் கேட்டார்.

அதிகாரி தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்குக் காப்பாத்திச்சு. ஆனா நெருப்பு அங்கயே கொஞ்ச நேரம் நின்னிருந்தா ரெண்டு பேரும் ஆவில வெந்திருப்பீங்க."

ஆக, மாமியாரும் மருமகளும் ஒரே பானையில் இரண்டு இட்லி.

ஒரே கட்சி

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார். ஒருவர் இருந்தால் ஒருவர் வீட்டுக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். கட்டுப்போட்ட தலையைத் திருப்ப முடியாமல் அவர் முதல் தடவை பேசியபோது நாங்கள் இரண்டு பேருமே இருந்தோம்.

"துணியெல்லாம்?" என்றார்.

"மயிராச்சு துணி" என்றார் மாமியார். "சொன்னா கேக்குற ஜென்மமா நீ? மூட்டையத் தூக்கிட்டு ஓடுறான்."

"எங்களக் கொட்டகைக்குள்ள போகச் சொன்னாரே, அதக் கேளுங்க அத்தை" என்றேன்.

"அதையும் கேக்குறேன். ஏண்டா, தகரத்துக்குள்ள வச்சு எங்களச் சுடப் பாத்தியா?"

அவர் கண் அங்கும் இங்கும் போனது. இத்தனை நாள் நடுவில் உட்கார்ந்திருந்த மனுஷன். இப்போது நாங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமா என்று நர்சிடம் கேட்டாராம்.

துணி பறிகொடுத்தவர்கள் வந்தார்கள். கத்தினார்கள், சிலர் அழுதார்கள். தென்னைமரத்துத் தகரத்தைக் காட்டினோம். பெரும்பாலும் அதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிடும். துரை மட்டும் வரவில்லை. அவருடைய சிலுவார் ஜாலான் துக்காங் எமாஸில் விழுந்ததாக ஒரு வதந்தி. அந்தத் தெருவில் கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. இரண்டு இடத்திலும் விசாரித்தோம். எங்கள் பக்கம் விழவில்லை, அந்தப் பக்கம் கேளுங்கள் என்று இரண்டு பேரும் மரியாதையாகச் சொன்னார்கள்.

கடன்பட்டும் கைமாற்று வாங்கியும் கொட்டகையை மறுபடி எழுப்பினோம். இந்தத் தடவை ஓடு வேய்ந்தோம். என் வீட்டுக்காரரின் இடது கை முழுக்க மடங்காது. அதனால் இஸ்திரிப் பெட்டி என் கைக்கு வந்தது. தோட்டத்துக் கைக்கு வெள்ளைத் துணி ஆகாது என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

விழா நெருங்கியபோது கமிட்டித் தலைவர் வந்தார். டை கட்டியிருந்தார். பின்னால் கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர். எங்கள் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"அன்னிக்கு நடந்தது இயற்கையோட சீற்றம்" என்று ஆரம்பித்தார். "இப்ப தோரணம், கொடி, மேடைத் துணி எல்லாம் துவைச்சுப் பொட்டி போட்டுத் தரணும். நாட்டுக்குச் செய்யுற சேவை."

மாமியார் கல்லிலிருந்து நிமிரவே இல்லை. "மருமகளக் கேளுங்க. அவ சொல்றதுதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொடிகளுக்கு அப்பால் லாலான் மறுபடி முழங்காலுக்கு வந்திருந்தது. எரித்தால் அது சாகாது. வேர் கீழே இருக்கும்.

"துவைச்சுத் தரோம் தலைவரே" என்றேன். "எங்க கொடிலேருந்து ரோடு வரைக்கும் புல்லு இருக்கக் கூடாது. கொளுத்தக் கூடாது, வெட்டணும். வேரோட. நீங்களே வந்து வெட்டணும்."

"ஆள் அனுப்புறேன்மா."

"ஆள் வேணாம். கமிட்டி வெட்டட்டும். அதுவும் நாட்டுக்குச் செய்யுற சேவைதானே?"

பக்கத்தில் துணி அடிக்கிற சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டி முழுக்க வந்தது. ஆளுக்கொரு பாராங் கத்தி, சிலர் கையில் மண்வெட்டி. தலைவர் டையின் நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டு குனிந்தார். லாலான் கையை அறுத்தது. "ஐயோ அம்மா" என்று முதல் குரல் அவருடையதுதான். மீனாச்சி பீபிக் ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தார். என் வீட்டுக்காரர் ஒரு கையால் வேரைப் பிடுங்கிக் குவித்தார்.

மாமியார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தலைவரே, அந்த மூலைல விட்டுட்டீங்க பாருங்க. வேரு நிக்குது."

நான் எல்லாருக்கும் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தேன். தலைவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஆவலோடு கையை நீட்டினார். மாமியார் நடுவழியில் என் கையிலிருந்து அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டார். ஒரு மடக்குக் குடித்தார். சாவதானமாக என்னிடம் சொன்னார்.

"இது நம்ம ரெண்டு பேருக்கு. அவரு அந்த மூலைய முடிக்கட்டும்."